உங்களுக்குத் தெரியுமா? காட்டுக்குள் கோட்டை, கையில் ஒரு பிடி சோறு!

ஏற்காட்டுக்குப் போயிருப்பீர்கள். ஏரியில் படகு விட்டிருப்பீர்கள். லேடீஸ் சீட்டில் நின்று சேலத்து விளக்குகளைப் பார்த்து வாய் பிளந்திருப்பீர்கள். அதே ஏற்காட்டில் ஒரு வீட்டு மதில்மேல் பீரங்கி ஏற்றி வைத்து, வராத எதிரிக்காகக் காத்திருந்தார்கள். தெரியுமா? தெரியாதுதானே! அப்படியானால் உட்காருங்கள்!

அந்த வீட்டுக்குப் பெயர் கிரேஞ்ச். கட்டியவர் சேலம் கலெக்டர் காக்பர்ன். காலம் 1820-கள். ஏற்காட்டில் காப்பி, ஆரஞ்சு, பேரிக்காய் எல்லாவற்றுக்கும் பிள்ளையார் சுழி போட்டவரும் அவரேதான்!

1857. வடக்கே சிப்பாய்கள் கிளம்பிவிட்டார்கள். இங்கே சேலத்து வெள்ளைக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. கிரேஞ்ச் வீட்டைச் சுற்றி அரண் எழுந்தது. அரண்மேல் பீரங்கி ஏறியது. நிலத்தடியில் ஒளிந்துகொள்ள அறை. அதற்குள் சாப்பாடு. எத்தனை நாளைக்கு? ஆறு மாதத்துக்கு!

எதிரி? வரவே இல்லை!

அந்த 'ஆறு மாதச் சாப்பாடு' என்பதை மட்டும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி வரப்போகிறவர்களுக்கு ஆறு நாள் சாப்பாடே பெரிய விஷயம்!

சேர்வராயன் மலையின் உச்சி 1,623 மீட்டர். ஏற்காடு 1,515 மீட்டர். ஏறக்குறைய இதே ஐயாயிரம் அடி உயரத்தில், இதே போல மூடுபனி, இதே போலக் கொண்டை ஊசி வளைவுகளோடு இன்னொரு மலையூர் இருக்கிறது. நாகாலாந்தின் கோஹிமா! சேலத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தாலே 2,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கேதான் 1944-ல் உலகமே திரும்பிப் பார்த்த சண்டை!

உலகம் திரும்பிப் பார்த்ததா? அதுவும் உடனே இல்லை. 2013-ல் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகம் ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 'பிரிட்டன் போரிட்டதிலேயே மிகப் பெரிய சண்டை எது?' நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ தோற்றது. நார்மண்டிக் கடற்கரை தோற்றது. ஜெயித்தது நம்ம இம்பால் - கோஹிமா!

ஜெயித்த படையில் பெரும்பகுதி யார்? இந்தியர்கள்! இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். கட்டாய ஆள்சேர்ப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. அத்தனை பேரும் தாங்களாகப் பெயர் கொடுத்தவர்கள்!

இப்போது காட்டுக்குள் போவோம். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். அட்டை ஜாஸ்தி!

கோஹிமாவுக்குக் கிழக்கே, மணிப்பூர் மலைகளில், இரண்டு குட்டிக் கிராமங்கள். ஜெஸ்ஸாமி. கராசோம். 1944 மார்ச்சில் இந்த இரண்டு ஊரிலும் காவல் முகாம் போட்டது அசாம் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். படைக்கு வயது என்ன தெரியுமா? 1941 ஜூன் 15-ல் ஷில்லாங்கில் பிறந்தது. அதாவது, மூன்று வயதுகூட முடியவில்லை!

அவர்களுக்குக் கொடுத்த உத்தரவு ஒரே வரிதான். கடைசி ஆள், கடைசித் தோட்டா வரை!

எதிரே வந்தது ஜப்பானின் 31-வது டிவிஷன். முழு டிவிஷன் என்றால் 12,000 முதல் 15,000 பேர். கராசோமில் இருந்தது ஒரே ஒரு கம்பெனி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்!

மார்ச் கடைசி வாரம். சுற்றி வளைத்தாகிவிட்டது. இயந்திரத் துப்பாக்கியின் குழல் சிவக்கச் சிவக்கச் சுட்டார்கள். பழுத்த குழலைக் கழற்றி மாற்றியபோது உள்ளங்கைத் தோல் போனது. விழுந்த கையெறி குண்டு வெடிக்கும் முன்னே அதை எடுத்துத் திருப்பி எறிந்தார்கள். எறிந்தவர்களில் பலருக்கு இதுதான் முதல் பெரிய சண்டை!

கேளுங்கள் வேடிக்கையை. மேலிடம் மனம் மாறியது. 'கடைசி ஆள் வரை வேண்டாம், பின்வாங்கி வாருங்கள்' என்று முடிவு. ஆனால் அதை யார் போய்ச் சொல்வது? விமானத்திலிருந்து சீட்டு எழுதிப் போட்டார்கள். சீட்டு போய் விழுந்த இடம் ஜப்பானியர் பக்கம்!

வந்த உத்தரவு எதிரிக்குத் தெரியும், உத்தரவு யாருக்கோ அவர்களுக்குத் தெரியாது. இப்படி ஒரு நிலைமை எந்த சினிமாவிலாவது வந்திருக்கிறதா!

கடைசியில் ஆளே கிளம்பினார். லெப்டினன்ட் கார்லெட். ஜப்பானியர் நடுவே புகுந்து ஜெஸ்ஸாமிக்கு ஓடினார். வாயால் சொன்னார். ஜெஸ்ஸாமி ஆட்கள் இருட்டில் வளையத்தை உடைத்துக்கொண்டு வெளியேறினார்கள்!

கராசோமுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அங்கே தலைவர் கேப்டன் யங். மார்ச் 31. தண்ணீர் தீரப்போகிறது. தோட்டா தீரப்போகிறது. யங் ஒரு முடிவு எடுத்தார். 'நீங்கள் எல்லாம் கிளம்புங்கள். கடைசி ஆள் என்று உத்தரவு இருக்கிறதே, அது நான்.' இந்த வார்த்தைகளில் சொன்னாரா என்று என்னைப் பிடிக்காதீர்கள். ஆனால் செய்தது இதைத்தான்! நடக்க முடிந்தவர்களை எல்லாம் இருட்டில் அனுப்பினார். தான் மட்டும் பதுங்குகுழியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை உயிரோடு பார்த்தவர் அவர் படையில் யாரும் இல்லை!

ஒரு முழு முகாமுக்கு ஒரே காவலாள்!

தப்பியவர்கள் என்ன செய்திருப்பார்கள்? வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்திருப்பார்கள் என்று நினைத்தீர்களா? சுமார் 260 பேர் காட்டு வழியாக நடந்து நேரே கோஹிமாவுக்கு வந்தார்கள். வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ கோஹிமாவும் முற்றுகை! எரிகிற சட்டியிலிருந்து அடுப்புக்குள்!

அந்த மூன்று வயதுப் படையின் கொடியில் இன்றைக்கும் 'ஜெஸ்ஸாமி' ஒரு போர் விருதுப் பெயர். 'கோஹிமா' இன்னொன்று!

கோஹிமா முற்றுகை 1944 ஏப்ரல் முதல் வாரம் தொடங்கியது. உள்ளே சுமார் 2,500 பேர். அதில் ஆயிரம் பேர் வரை சண்டைக்காரர்களே இல்லை. குமாஸ்தா, சமையல்காரர், கிடங்கு ஆள், நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்கள். வெளியே ஒரு டிவிஷன்!

தண்ணீர்க் குழாயை முதலிலேயே பிடித்துவிட்டார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு நாள் முழுக்க எவ்வளவு தண்ணீர் தெரியுமா? அரை லிட்டர்கூட முழுசாக இல்லை! நம்ம டீக்கடைக் கிளாஸை எடுத்து அளந்து பார்த்தேன். நாலு கிளாஸ் நிரம்புவதற்குள் தீர்ந்துவிட்டது. குடிக்க, கழுவ, காயம் துடைக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு கிளாஸ்!

மலையின் வடக்குச் சரிவில் சின்ன ஊற்று ஒன்று அகப்பட்டது. ஆனால் பகலில் போனால் சுடுவார்கள். ராத்திரி மட்டும் தவழ்ந்து போய்ச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தார்கள்!

தண்ணீரை விமானத்திலிருந்து போட்டார்கள். ஆரம்பத்தில் அதில் நிறைய விழுந்தது எதிரி பக்கம். காற்று எந்தக் கட்சி என்றே தெரியவில்லை!

காயம்பட்டவர்கள் படுத்திருந்த இடம் திறந்தவெளி. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தவர்களுக்கு அதே படுக்கையில் இரண்டாம் முறை குண்டடி பட்டது. மூன்றாம் முறையும் பட்டது!

அங்கே ஒரு மேட்டுக்குப் பெயரே ராஷன் கிடங்கு மேடு. அந்த வட்டாரத்தில் ஒரு பேக்கரி. செங்கல் அடுப்புகள் வரிசையாக. ஏப்ரல் 8-ஆம் தேதி அந்த அடுப்புகளுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டார்கள் ஜப்பானியச் சிப்பாய்கள். ரொட்டி வேகிற அடுப்புக்குள் துப்பாக்கியோடு ஆட்கள்!

அந்தப் பக்கம் பாய்ந்தவர் லான்ஸ் கார்ப்பரல் ஜான் ஹார்மன். ஒற்றை ஆளாக ஓடி ஒரு இயந்திரத் துப்பாக்கியைத் தட்டிப் பறித்தார். மறுநாள் மறுபடி தனியாக ஓடினார். பதுங்குகுழியில் இருந்த ஐந்து பேரையும் வீழ்த்திவிட்டுத் திரும்புகையில் குண்டடிபட்டு இறந்தார். விக்டோரியா கிராஸ்!

இந்த ஹார்மன் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா? அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு தீவே இருந்தது! இங்கிலாந்துக் கரையோரத்தில் லண்டி தீவு. அப்பா அங்கே தன் முகம் போட்டுச் சொந்தக் காசு அடித்தார். காசின் பெயர் 'பஃபின்'. பஃபின் என்றால் ஒரு கடல் பறவை. அரசாங்கம் கேஸ் போட்டு 5 பவுண்டு அபராதம் தீட்டியது! தீவுக்கு வாரிசான பிள்ளை நம்ம நாகாலாந்து மண்ணில் உறங்குகிறான்!

டெபுடி கமிஷனர் சார்லஸ் பாசி. கோஹிமாவில் அவருக்கு ஒரு பங்களா. பங்களாவுக்கு ஒரு டென்னிஸ் மைதானம். முற்றுகையில் அவர் ஊரைவிட்டு நகரவில்லை. அவர் மைதானமோ போர்முனை ஆகிவிட்டது. இந்தக் கோட்டில் நம்மவர்கள், அந்தக் கோட்டில் ஜப்பானியர்கள்!

டென்னிஸ் மைதானத்தின் நீளம் 78 அடி. நம் ஊர் கல்யாண மண்டபத்தில் பந்தி போடும் ஹால் அவ்வளவு இருக்கும். இலை போட்டால் இந்தக் கோடியில் இருப்பவர் சாம்பார் கேட்பது அந்தக் கோடியில் கேட்கும். அந்த தூரத்தில் இரண்டு படையும் குழி வெட்டி உட்கார்ந்து, ராத்திரி பகலாகக் கையெறி குண்டு வீசிக்கொண்டிருந்தார்கள். எதிரி இருமினால் கேட்கும். கத்தியைத் தீட்டினால் கேட்கும்!

அந்த மைதானம் மீண்டது மே 13-ல்தான். எப்படி? மேலே சரிவிலிருந்து ஒரு டாங்கியைச் சறுக்கி இறக்கினார்கள். அது நேராக டென்னிஸ் மைதானத்தில் வந்து நின்றது!

அந்த மைதானத்தின் கோடுகளை இன்றைக்கும் பார்க்கலாம். வெள்ளைக் கோடு போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் 1,420 கல்லறைகள். பக்கத்திலேயே தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள். உலகத்தில் வேறெந்த டென்னிஸ் மைதானத்துக்கும் இப்படிப் பார்வையாளர்கள் இல்லை!

அங்கே ஒரு செர்ரி மரம் உண்டு. ஜப்பானிய துப்பாக்கிக்காரர்கள் ஏறி உட்கார்ந்து குறி பார்த்த மரம் குண்டுபட்டுப் போனது. மிஞ்சிய அடித்தண்டிலிருந்து துளிர்த்து வளர்ந்த மரம் இப்போது நிற்கிறது!

முற்றுகைக்கு உள்ளே பீரங்கி வைக்க இடமில்லை. என்ன செய்தார்கள்? இரண்டு மைல் தள்ளி ஜோட்சோமா என்ற மேட்டிலிருந்து இந்திய மலைப் பீரங்கிப் படை சுட்டது. உள்ளே இருந்தவர் ரேடியோவில் 'கொஞ்சம் இடது' என்பார். குண்டு நம்மவர் தலைக்கு மேலே பறந்து சில கஜ தூரத்தில் எதிரி மேல் விழும். கொஞ்சம் கை நடுங்கினால் கதை கந்தல்!

அந்தப் பீரங்கி எப்படி மலை ஏறியது என்கிறீர்களா? கழற்றிப் பகுதி பகுதியாக! ஒரு பீரங்கிக்கு எட்டு கோவேறு கழுதைகள்!

ஏப்ரல் 17 வாக்கில் நம்மவர் கையில் மிஞ்சிய இடம் எவ்வளவு? நீளம் சுமார் 350 கஜம், அகலமும் அவ்வளவே! ஏற்காடு ஏரியை ஒரு சுற்று சுற்றுவதற்கு ஆகும் நேரத்தில் மொத்த ராஜ்ஜியத்தையும் சுற்றிவிடலாம். ஏப்ரல் 18-ல் உதவிப்படை உள்ளே வந்தது. சண்டை முடிந்ததோ ஜூன் 22-ல். ஆக மொத்தம் 80 நாள்!

இழப்பு? பிரிட்டிஷ் - இந்தியத் தரப்பில் 4,000-க்கு மேல். ஜப்பான் தரப்பில் 5,700-க்கு மேல். ஒரு மலைமுகட்டுக்கு!

இனி வருவது என் செல்லக் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்!

அசாம் ரெஜிமென்டில் பத்லுராம் என்று ஒரு சிப்பாய். சண்டையில் இறந்துவிட்டார். ஆனால் ஸ்டோர்காரர் பேரேட்டில் பத்லுராம் சாகவில்லை! பெயரை அடிக்க மறந்தாரோ, மனம் வரவில்லையோ, பத்லுராம் பேரில் ராஷன் வந்துகொண்டே இருந்தது. அரிசி வந்தது. பருப்பு வந்தது. வாங்க ஆளில்லை. மூட்டை சேர்ந்துகொண்டே போனது!

அப்புறம் முற்றுகை. வெளியிலிருந்து ஒன்றும் வராது. எல்லோரும் கையைப் பிசைகிறார்கள். ஸ்டோரைத் திறந்தால் பத்லுராம் பங்கு! அந்தச் சோற்றைத் தின்றுதான் அந்தக் கம்பெனி பிழைத்தது என்பது ரெஜிமென்டில் சொல்லப்படும் கதை. மண்ணுக்குள் போன ஆள் மேலே இருந்தவர்களுக்குச் சோறு போட்டார்!

நம் ஊர் ரேஷன் கடையில் இறந்தவர் பெயரில் கார்டு ஓடினால் அது மோசடி. அங்கே அது வீர வரலாறு!

பத்லுராமுக்குப் பாட்டே இருக்கிறது. 1946-ல் ரெஜிமென்டின் மேஜர் பிராக்டர் எழுதினார். மெட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மெட்டு. ஷில்லாங்கில் பயிற்சி முடித்து வெளியேறும் ஒவ்வொரு அணியும் தரையில் குதித்துக் குதித்து இதைப் பாடும்!

2019 செப்டம்பரில் அமெரிக்காவில் கூட்டுப் பயிற்சி. அங்கே இந்திய வீரர்களோடு சேர்ந்து அமெரிக்கச் சிப்பாய்களும் பத்லுராம் பாட்டைக் கைதட்டிப் பாடினார்கள். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அவர்கள் ஊர் மெட்டு, நம்ம ஊர் பத்லுராம், 75 வருஷம் கழித்துச் சந்திப்பு!

எதிர்ப்பக்கம் மட்டும் வயிறு நிறைந்ததா? அதுதான் இல்லை! ஜப்பானியர்கள் சிந்த்வின் ஆற்றைத் தாண்டியபோது கையில் இருந்த சாப்பாடு சுமார் மூன்று வாரத்துக்கு. அதற்குள் இம்பாலைப் பிடித்து, அங்கே இருக்கும் கிடங்கில் சாப்பிடலாம் என்பது திட்டம். அடுத்த வீட்டு அரிசியை நம்பி உலை வைத்த கதை!

தளபதி முதாகுச்சிக்கு இன்னொரு யோசனை. ஆயிரக்கணக்கில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவது. வழியில் சுமை தூக்கும், பிறகு உணவாகும். இதற்கு 'செங்கிஸ்கான் ராஷன்' என்று பெயர்! புல்வெளியில் வெற்றி பெற்ற செங்கிஸ்கான் உத்தி செங்குத்து மலையில் சரிந்தது. பாதி மாடு ஆற்றோடும் பள்ளத்தோடும் போனது!

கோஹிமாவை முற்றுகையிட்ட ஜெனரல் சாத்தோ மே கடைசியில் உத்தரவு இல்லாமலே படையைத் திருப்பினார். ஜப்பானிய ராணுவத்தில் ஒரு டிவிஷன் தளபதி மேலிட உத்தரவை மீறிப் பின்வாங்குவதா! 'என்மேல் விசாரணை வையுங்கள், உண்மையைச் சொல்கிறேன்' என்று காத்திருந்தார். விசாரணை வைக்கவில்லை. 'மனநிலை சரியில்லை' என்று சீட்டு எழுதி மூடிவிட்டார்கள்!

மணிப்பூர் எல்லையில் மோரே என்று ஓர் ஊர். 1944-ல் அங்கே பெரிய ராணுவக் கிடங்கு. பின்வாங்க வேண்டி வந்தது. எதிரிக்கு ஒரு பருக்கை கிடைக்கக்கூடாது. கிடங்குக்குத் தீ வைத்தார்கள். 200 மாடுகளை வெட்டிவிட்டுக் கிளம்பினார்கள்!

அதே மோரேயில் பிற்பாடு குடியேறியவர்கள் யார் தெரியுமா? நம்ம தமிழர்கள்! பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். சோறு எரிந்த ஊரில் இட்லி வெந்தது!

தமிழ்ச் சிப்பாய்கள் எங்கே என்று கேட்பீர்கள். கேளுங்கள். 1758-ல் வேர் விட்ட மதராஸ் படையின் கடைசிப் பட்டாலியனை 1928-ல் கலைத்துவிட்டார்கள். உலகப் போர் வந்ததும் மறுபடி எழுப்பினார்கள். எழுப்பிய வேகத்தில் அதன் நான்காம் பட்டாலியன் பர்மாப் போர்முனையில்!

மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் என்ன? 'தம்பி'! பஞ்சாபிலிருந்து வந்தவரும் கூப்பிடுவது தம்பிதான்!

எதிர் அணியிலும் தமிழர்கள்! நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணி படைக்குத் தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் படித்த டாக்டர். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் துப்பாக்கி பிடித்து பர்மாவின் மேமியோ வரை வந்தார்கள்!

கொஞ்சம் பர்மாவின் அரக்கானுக்குப் போகலாமா? கோஹிமாவுக்கு இரண்டு மாதம் முன்னால், 1944 பிப்ரவரி. காட்டுக்கு நடுவில் ஒரு வெட்டவெளி. பெயர் சின்ஸ்வேயா. அங்கே இருந்தது 'அட்மின் பாக்ஸ்', அதாவது ராணுவத்தின் ஆபீஸும் ஸ்டோரும். அதை வளைத்தார்கள். பைல் பார்த்த குமாஸ்தா துப்பாக்கி எடுத்தார்!

ஜெனரல் மெசர்வியின் தலைமையகத்துக்குள் விடியற்காலையில் எதிரி புகுந்துவிட்டான். ஜெனரல் எந்தக் கோலத்தில் தப்பினார்? ராத்திரி உடையில்! சிவப்புப் பட்டி போட்ட தொப்பி ஜப்பானியர் கையில்!

மூன்று வாரம் ஆகாயத்திலிருந்து ஊட்டினார்கள். 714 முறை விமானம் பறந்தது. விழுந்த சாமான் 2,300 டன்! தோட்டாவோடு சிகரெட்டும் தபாலும் செய்தித்தாளும் வந்தன. காட்டுக்குள் முற்றுகையில் இருப்பவனுக்குப் பேப்பர் டெலிவரி!

பாரசூட்டுக்குப் பட்டு வேண்டும். பட்டுக்கு எங்கே போவது? பர்மாப் போர்முனையின் தளபதி ஜெனரல் ஸ்லிம் கல்கத்தாவைப் பார்த்தார். கல்கத்தாவில் சணல் ஆலைகள். சணலில் பாரசூட் தைத்தார்கள்! பட்டுப் பாரசூட்டின் விலை சுமார் 20 பவுண்டு. இது ஒரு பவுண்டு! வானத்திலிருந்து கோணிப்பை குடை விரித்து இறங்கியது!

பர்மாக் காட்டுக்குள் 'வெள்ளை நகரம்' என்றொரு முகாம். வீடில்லை, வெள்ளையடித்த சுவரும் இல்லை. பின்னே எப்படி அந்தப் பெயர்? சாமான் இறக்கிய பாரசூட்டுகள் மரமெல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன!

அந்த முகாமுக்குப் பக்கத்து மேட்டில்தான் லெப்டினன்ட் ஜார்ஜ் கேர்ன்ஸ். ஜப்பானிய அதிகாரியின் வாள் வீச்சில் ஒரு கை போனது. அதே வாளைப் பிடுங்கி மறு கையால் சண்டையிட்டார். பிறகு அந்தக் காயத்தால் இறந்தார். விக்டோரியா கிராஸ் அறிவித்தது எப்போது? 1949-ல்! சிபாரிசுக் காகிதம் விமான விபத்தில் தொலைந்து, மறுபடி எழுத ஐந்து வருஷம்!

அந்த முகாமில் இருந்த படையின் கோவேறு கழுதைகள் கத்தாது. கத்தினால் எதிரிக்குத் தெரிந்துவிடுமே! புறப்படும் முன்னே அறுவை செய்து குரலை எடுத்துவிட்டார்கள். பாவம், ஊமைக் கழுதைகள்!

போரில் ஹெலிகாப்டர் ஆளைக் காப்பாற்றியது முதன்முதலாக எங்கே? இதே பர்மாக் காட்டில், 1944 ஏப்ரலில்! ஓட்டியவர் பெயர் கார்ட்டர் ஹார்மன். கோஹிமா ஹார்மனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, பெயர் மட்டும் ஒன்று! அந்த ஹெலிகாப்டரில் ஒரு ஆளைத்தான் ஏற்றலாம். நாலு பேர் காட்டில். நாலு தடவை போய் ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார். போருக்குப் பிறகு அவர் என்ன வேலை பார்த்தார்? பத்திரிகையில் இசை விமர்சனம்!

காட்டு முகாமை விடாமல் காத்தவர்களில் சாம்பியன் யார்? ஹிரூ ஒனோடா! பிலிப்பைன்ஸின் லுபாங் தீவு. போர் 1945-ல் முடிந்தது. இவர் நம்பவில்லை. நோட்டீஸ் போட்டார்கள், நம்பவில்லை. சொந்த அண்ணன் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார், நம்பவில்லை. வெளியே வந்தது 1974 மார்ச்சில். 29 வருஷம்!

எப்படி வந்தார்? 'என் அதிகாரி வந்து உத்தரவு கொடுத்தால்தான்' என்றார். அந்த அதிகாரி அதற்குள் புத்தக வியாபாரி ஆகிவிட்டிருந்தார். கடையை விட்டுவிட்டு விமானம் ஏறிப் போய், காட்டில் நின்று உத்தரவை வாசித்தார். ஒனோடா துப்பாக்கியை ஒப்படைத்தார். அது அப்போதும் சுடும் நிலையில் இருந்தது. கூட சுமார் 500 தோட்டாக்கள்!

அதே வருஷம் டிசம்பரில் இந்தோனேசியாவின் மொரோத்தாய் தீவில் இன்னொருவர் கிடைத்தார். தெருவோ நகாமுரா. ஒனோடாவின் சாதனை ஒன்பதே மாதத்தில் காலி!

சரி, மலை இறங்குவோம். ஏற்காட்டு பஸ்ஸில் வளைவு எண்ணிக்கொண்டே வருவேன், எப்போதும் பதினான்கில் கணக்கு விட்டுப்போகும். மொத்தம் 20 என்று போர்டு சொல்கிறது. போர்டை நம்புங்கள், என்னை நம்பாதீர்கள்!

அடிவாரம் வந்து சேலம் நுழையும் அந்த ஏற்காடு ரோட்டிலேயே ஒரு பழைய வளைவு நிற்கிறது. பார்த்திருக்கிறீர்களா? மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு! அதற்குப் பின்னால்தான் ஒரு காலத்தில் சினிமா ஸ்டூடியோ!

உலகப் போர் நடந்தபோது படம் எடுப்பவர்களுக்கு சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. போருக்கு ஆதரவாகவும் ஒரு படம் எடுக்க வேண்டும்! மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர்.சுந்தரம் யோசித்தார். எடுத்தார் 'பர்மா ராணி'!

கதை? பர்மாவில் எதிரி நடுவே மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படை வீரர்கள். கதாநாயகி கே.எல்.வி.வசந்தா. படம் வந்தது 1945-ல். நிஜ பர்மாவில் நிஜத் துப்பாக்கிகள் அந்த வருஷமும் ஓயவில்லை!

அதில் கொடுமைக்கார ஜப்பானியத் தளபதியாக நடித்தது யார் தெரியுமா? முதலாளி, டைரக்டர், சாட்சாத் டி.ஆர்.சுந்தரமேதான்!